குறையை மறைக்காமல் பழைய எஸ்யூவியை நேரடியாக விற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு வருடம் ஓடிய டீசல் எஸ்யூவியைக் காட்டி, "ஒரு குறையும் கிடையாது சார், சாவியைப் போட்டு எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே மனதுக்குள் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கழித்துவிடுவார். டர்போ போயிருக்குமோ, மீட்டரைத் திருப்பியிருப்பாரோ, வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று அவருக்கு ஆயிரம் சந்தேகம். உங்கள் வண்டியில் உண்மையில் இருப்பது தேய்ந்த கிளட்ச் மட்டும்தான் என்றாலும், அதைச் சொல்லாதவரை அவர் கழிப்பது தன் பயத்தின் விலையை.

சொன்ன குறைக்கு மெக்கானிக்கிடம் விலை கேட்டுவிடலாம். சொல்லாத குறைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கழிக்கலாம். கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், கொடுக்காமல் நேரடியாகப் பார்ட்டியிடம் விற்பதில் கூடக் கிடைக்கும் பணம் இந்த இடத்தில்தான் தங்கும், அல்லது கரையும்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. பழைய வண்டியைத் தனிநபரிடம் வாங்குபவர் தானே பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது பொதுவான நிலை. ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, தெரிந்த விஷயத்தை வேலை மெனக்கெட்டு மூடி மறைப்பதையும் மோசடிக் கணக்கில்தான் வைக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியாதபடி செய்வது, ஸ்கேனர் போட்டு எரர் கோடை (வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறிப்பை) அழித்துவிட்டு அன்றைக்கே வண்டியைக் காட்டுவது, கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்வது எல்லாம் இதில் சேரும். இதை நிரூபித்தால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம்.

சரி, வரிசையாகப் போவோம்.

காகிதத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்

வண்டியைக் கழுவுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. ஏனென்றால் சில காகிதங்கள் வர வாரக்கணக்கில் ஆகும்.

கடன் முடிந்துவிட்டது என்பது போதாது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்க வேண்டும். வங்கியிடம் தடையில்லாக் கடிதமும், படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. கேன்சல் (கடன் பதிவை நீக்குவது) செய்துவிடுங்கள். கடைசித் தவணை கட்டி மூன்று வருடம் ஆகியும் இதைச் செய்யாதவர்கள் ஏராளம். விற்கும் நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

அப்புறம், அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் உங்கள் ஆர்.சி.யோடு இணைந்திருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. அங்கேதான் போகும். பாக்கி இ-செலான் இருந்தால் கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் டிரைவ்கூடக் கொடுக்க முடியாது.

வண்டியை வாங்க வந்தவர் போலப் பாருங்கள்

தினமும் ஓட்டுகிறவருக்கு வண்டியின் சத்தம் காதில் விழாது. அதனால் உங்கள் வழக்கமான மெக்கானிக்கை விட்டுவிட்டு, வண்டியை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, "இதை நான் வாங்கப் போறேன், என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகப் பார்க்க வேண்டியவை கீழே.

இரவு முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கருப்பாகக் கக்கினால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பாகம்) பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறதா என்று சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். வாங்க வருகிறவர் கூட்டிவரும் ஆளும் முதலில் இதைத்தான் திறந்து பார்ப்பார்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். ஒரு தனித் தலைவலி. புகைக் கரியைப் பிடித்துவைக்கும் இந்த வடிகட்டி, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அண்ணாநகருக்கும் தி.நகருக்கும் இடையில் மட்டும் ஓடிய வண்டியில் அதற்கு வாய்ப்பே கிடைக்காமல் அடைத்து, விளக்கு எரியும். உங்கள் வண்டியில் அந்த விளக்கு எரிந்திருக்கிறது, பணிமனையில் சுத்தம் செய்தீர்கள் என்றால் அது பட்டியலில் வர வேண்டும். டி.பி.எஃப்.பையோ இ.ஜி.ஆரையோ கழற்றி எடுத்திருந்தாலும், ரீமேப் செய்திருந்தாலும் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றியிருந்தாலும்) கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வரும் டக் டக் சத்தம் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். கனமான வண்டி என்பதால் எஸ்யூவியில் இவை சீக்கிரம் போகும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மண் தரையில் போட்டு, நான்கு சக்கரமும் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து அந்தக் குமிழைத் தொடாதவர்களே அதிகம். அதனால் வேலை செய்யும் என்று சோதிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-வது வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் மேல்பள்ளம்) நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆறு வருட டயரைப் புது டயர் போலச் சொல்ல முடியாது.

கடலோர ஊர் வண்டிகளுக்கு அடிப்பாகத் துரு. லிஃப்டில் ஏற்றி சேஸிஸைப் படம் எடுத்துவிடுங்கள். துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படம் பயன்படும்.

அப்புறம் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் அப்படித்தான். விவரம் தெரிந்தவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுவார், தரை விரிப்பைத் தூக்குவார், சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தண்டவாளத்தில் துருவைப் பார்ப்பார். உங்கள் வண்டி நின்றிருந்தால், தண்ணீர் எதுவரை ஏறியது, எஞ்சினுக்குள் போனதா, என்னென்ன மாற்றினீர்கள் என்பதைப் பில்லோடு சொல்லுங்கள். சக்கரத்தின் பாதிவரை நின்றதும் டேஷ்போர்டுவரை மூழ்கியதும் ஒன்றாகாது. வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும், நீங்கள் அளவைச் சொன்னால்.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது

என் கணக்கு எளிமையானது: செலவு சின்னது, ஆனால் ஆளைப் பயமுறுத்தும் என்றால் சரிசெய்துவிடுங்கள். லிங்க் ராடு, எரியாத பல்பு, வைப்பர், கதவு பூட்டாத கோளாறு, ஒற்றை விளக்காக எரியும் சென்சார் எல்லாம் இந்த வகை. செலவு பெரியது, மாற்றினாலும் போட்ட பணம் திரும்பாது என்றால், கொட்டேஷன் வாங்கி விலையில் கழியுங்கள். கிளட்ச் செட், டயர், இன்ஜெக்டர் இதில் வரும்.

முழு பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். பெயின்ட் கனத்தை அளக்கும் சின்ன மீட்டரோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும், பட்டி போட்ட இடத்தில் எண் எகிறும். சும்மா இருந்த கீறல்களை மறைக்கப் போய் விபத்து வண்டி என்ற பெயரை வாங்குவானேன்? எஞ்சின் வாஷும் வேண்டாம். எட்டு வருட எஞ்சின் கண்ணாடி மாதிரி பளபளத்தால், ஆயில் கசிவைக் கழுவியிருக்கிறார் என்றுதான் தோன்றும். ஏசியில் கசிவு இருக்கும்போது கேஸ் மட்டும் நிரப்பி ஒரு வாரம் குளிர வைப்பது சுத்தமான ஏமாற்று வேலை.

குறைப் பட்டியலை எழுதுங்கள்

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒரு ஏ4 தாளில், தேதி போட்டு, எழுதுங்கள். 2017 மாடல், 1,18,000 கி.மீ. ஓடிய ஏழு சீட்டர் ஒன்றை வைத்து ஒரு மாதிரி:

1. கிளட்ச்: ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போது உதறுகிறது. நெடுஞ்சாலையில் தெரியாது. மாற்றுவதற்குக் கொட்டேஷன் ரூ.32,000, இணைத்துள்ளேன்.
2. வலது பின் கதவு: 2021-இல் இடி வாங்கியது. டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தது. இன்சூரன்ஸ் கிளெய்ம் எடுத்தேன். இடிபட்டபோது எடுத்த படம் உண்டு.
3. மூன்றாம் வரிசை ஏசி: காற்று வருகிறது, குளிர்ச்சி போதவில்லை. காரணம் என்னவென்று பார்க்கவில்லை.
4. டயர்: முன் இரண்டும் 2024, பின் இரண்டும் 2020. பின் இரண்டையும் மாற்ற வேண்டும்.
5. சாவி ஒன்றுதான் இருக்கிறது.
6. நான் இரண்டாவது ஓனர். 2019-க்கு முன்பு நடந்ததில் ஷோரூம் சர்வீஸ் பதிவில் இருப்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

மூன்றாவதையும் ஆறாவதையும் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் பட்டியலின் ஒரு பகுதி. "ஏசி கொஞ்சம் கேஸ் கம்மி, அவ்வளவுதான்" என்று நீங்களாக ஒரு காரணம் எழுதி, பின்னால் கூலிங் காயில் ஓட்டை என்று தெரிந்தால், நேர்மையாக எழுதிய மற்ற ஐந்தையும் அவர் நம்ப மாட்டார்.

வண்டி வேறு மாநிலத்தில் முதலில் பதிவாகி இங்கே மாற்றப்பட்டது என்றால் அதுவும் எழுத வேண்டியதே. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக வந்த வண்டிகளால், "டெல்லி வண்டியா?" என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆர்.சி. விவரத்தைத் தேடினால் தெரிந்துவிடப் போகிற விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

விலை

உங்கள் மாவட்டத்தில் அதே வருடம், அதே வேரியன்ட், அதே ஓனர் எண்ணிக்கை உள்ள வண்டிகள் என்ன விலைக்கு விளம்பரமாகி இருக்கின்றன என்று பாருங்கள். விளம்பர விலை கேட்கும் விலைதான், கைமாறும் விலை அதைவிடக் குறைவு. அதிலிருந்து பட்டியலில் உள்ள பெரிய வேலைகளின் கொட்டேஷனைக் கழித்து, பேரத்துக்குக் கொஞ்சம் இடம் வையுங்கள். கழித்ததை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வந்தவர் அதே கிளட்சுக்கு இரண்டாவது தடவை கழிப்பார்.

கன்சல்டிங்கில் விலை கேட்டு வைப்பதும் நல்லது. அது உங்கள் அடிமட்ட விலை. அவர்களுக்கு லாபமும் வேண்டும், அந்த லாபத்தின் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. தனிநபர் தனிநபருக்கு விற்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது.

ஆடி மாதம் விளம்பரம் போட்டால் கூப்பிடுவார்கள், பார்ப்பார்கள், "ஆவணி பொறக்கட்டும் சார்" என்பார்கள். அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள்.

விளம்பரமும் படமும்

"சூப்பர் கண்டிஷன், சிங்கிள் ஹேண்ட், பக்கா வண்டி" என்று எல்லோரும் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இப்படி ஒன்று தனியாகத் தெரியும்:

"2017 டீசல், ஏழு சீட்டர், இரண்டாவது ஓனர், 1,18,000 கி.மீ. சர்வீஸ் பில் இருக்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டும், பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், வலது பின் கதவு பெயின்ட் அடித்தது, மூன்றாம் வரிசை ஏசி குளிர்ச்சி குறைவு. விலை இதையெல்லாம் கழித்துப் போட்டது. முழுக் குறைப் பட்டியல் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்."

அழைப்பு குறையும். குறையட்டும். பத்துப் பேர் வந்து வண்டியைச் சுற்றிவிட்டுப் போவதைவிட, விவரம் படித்துவிட்டு வரும் இரண்டு பேர் மேல்.

படங்களில் குறைகளுக்கும் இடம் கொடுங்கள். கீறலைக் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள், அளவு புரியும். டயர் எண், மீட்டர், சேஸிஸ், ஆயில் மூடி திறந்த எஞ்சின் ஓடும் வீடியோ எல்லாம் போடலாம். ஆர்.சி., ஆதார் படங்களை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

போனில்

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"சார், வண்டி இருக்கா? கடைசி விலை சொல்லுங்க."

"இருக்குங்க. பட்டியல் அனுப்பினேனே, பார்த்தீங்களா?"

"இல்ல சார், விலைய சொல்லுங்க மொதல்ல."

"முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் நேர்ல வந்து வண்டியைப் பாருங்க. விலையை வண்டி பக்கத்துல நின்னு பேசிக்கலாம்."

பார்க்காத வண்டிக்குப் போனில் விலை குறைத்தால், நேரில் வந்து அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பிப்பார். வண்டியைப் பார்க்காமலேயே அட்வான்ஸ் போடுகிறேன், ராணுவத்தில் இருக்கிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை.

பார்க்க வரும் நாள்

பகலில், எஞ்சின் குளிர்ந்த நிலையில் காட்டுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம். மெக்கானிக்கையும் ஸ்கேனரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எரர் கோடு சமீபத்தில் அழிக்கப்பட்டதா என்பதையும் நல்ல ஸ்கேனர் காட்டிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டப்போகிறவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். அப்புறம் ஒரு விஷயம்: கிளட்ச் உதறும் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உதறும் இடத்துக்கே கூட்டிப்போங்கள். பக்கத்தில் மேம்பாலம் இருந்தால் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். நடுக்கத்தைக் காலில் உணர்ந்தவர் "இவ்வளவுதானா" என்பார், அல்லது "இது எனக்கு ஒத்துவராது" என்பார். இரண்டுமே நல்லதுதான். வழவழப்பான சாலையில் மட்டும் ஓட்டிக்காட்டி அனுப்பினால் அந்த நடுக்கம் அவர் வீட்டு ஏற்றத்தில் தெரியும், போன் உங்களுக்கு வரும்.

பேரத்தின்போது பட்டியலில் இருக்கும் குறையைச் சொல்லிக் கழிக்கக் கேட்டால், கொட்டேஷனைக் காட்டி ஏற்கனவே கழித்தாயிற்று என்று நில்லுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை அவர் மெக்கானிக் கண்டுபிடித்தால் வாதாடாதீர்கள். உண்மை என்றால் அங்கேயே பட்டியலில் எழுதிச் சேர்த்து, அதற்கு நியாயமான தொகையைக் கழியுங்கள்.

பணம்

அட்வான்ஸ் வாங்கினால் ரசீது எழுதுங்கள்: மொத்த விலை, மீதி கட்ட வேண்டிய தேதி, யார் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்னாகும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் பணம் வாங்கியவருக்கு. மீதியை ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் வாங்குங்கள். 2020 டிசம்பரிலிருந்து இது எந்த நாளும் எந்த நேரமும் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்ற சாக்கு இனி இல்லை. குறுஞ்செய்தியையோ அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். காசோலை என்றால், பணம் ஏறியபின் சாவி.

பெயர் மாற்றம்: தட்டிக் கழிக்கக் கூடாத வேலை

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்று, சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி வேறு மாநிலம் போகிறது என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று தேவை.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கர் கையில் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி அந்தப் படிவத்தோடு நான்கு கை மாறும், ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதே கதைதான். 2007-இல் விற்ற வண்டி கைமாறிக் கைமாறிப் போய், 2009-இல் விபத்து. ஆர்.சி.யில் பெயர் மாறாததால் முதலில் விற்றவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முடிந்தால் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தபின் சாவியைக் கொடுங்கள். அவசரப்படுகிறவருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

டெலிவரி நோட் இரண்டு பிரதி எழுதுங்கள். தேதியோடு நேரமும் முக்கியம், ஏனென்றால் அன்று மாலை விழும் செலான் யாருடையது என்பதை அதுதான் சொல்லும். மீட்டர் அளவு, விலை, சாவி எண்ணிக்கை, "இணைத்துள்ள குறைப் பட்டியலைப் படித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குகிறேன்" என்ற வரி, பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து. அடையாள அட்டை நகலில் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள்.

கொடுத்த பிறகு

ஃபாஸ்டேகை வழங்கிய வங்கியில் சொல்லி மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் குடும்பத்தோடு பழனி போய்வரும் டோல் உங்கள் கணக்கில் விழும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விற்றதை எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள் உண்டு. நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம், உச்சபட்சம் 50 சதவீதம். வண்டியின் திரையில் இணைத்த போன், வீட்டு முகவரி, கனெக்டட் கார் ஆப்பில் உள்ள உங்கள் கணக்கு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

வாங்கியவர் ஒரு வாரத்தில் கூப்பிட்டால் போனை எடுங்கள். பட்டியலில் இருக்கும் குறை என்றால் அந்த எண்ணைச் சொல்லி, உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்த மெக்கானிக்கின் நம்பரைக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத, உங்களுக்கும் தெரியாத ஒன்று என்றால் பில்லை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பணம் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆர்.சி.யில் அவர் பெயர் ஏறிவிட்டதா என்று எம்பரிவாகன் செயலியில் வாரம் ஒருமுறை பாருங்கள். ஏறும்வரை டெலிவரி நோட்டும் ஒப்புகைச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும்.